எட்டு வருட லேப்டாப்பில் லினக்ஸ்: ஓர் ஆசிரியரின் கேள்விக்குப் பதில்

நடுநிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2017-இல் வாங்கிய லேப்டாப்; ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, இதில் 11 ஏறாது, புதுசு வாங்கிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். ஆசிரியருடைய வேலையோ தமிழில் வினாத்தாள் அடிப்பது, எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறை இணையப் பதிவு, கூகுள் மீட், பிரிண்ட் எடுப்பது, அவ்வளவுதான். வீட்டில் அம்மா தையற்கடைக் கணக்கையும் இதில்தான் பார்க்கிறார். "லினக்ஸ் போட்டால் அன்றாட வேலை நடக்குமா, அல்லது ஒரே வாரத்தில் பழையபடி திரும்பி வந்துவிடுவேனா?"

சார், வேலை நடக்கும். லினக்ஸும் விண்டோஸைப் போல ஓர் இயங்குதளம்தான், இலவசமாகக் கிடைப்பது. மொழிபெயர்ப்பும் புத்தகப் பக்க வடிவமைப்பும் என் தொழில். பதினான்கு வருடமாக இரண்டையும் லினக்ஸில்தான் செய்கிறேன். உங்கள் கேள்வியின் பின்பாதிக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் லினக்ஸ் போட்டுக் கொடுத்து, பிறகு விண்டோஸுக்கே திரும்பிப் போனவர்கள் உண்டு. மெனு புரியவில்லை என்று அவர்களில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. மெனு இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும். ஒருவருக்குப் பிரிண்டர் ஒத்துழைக்கவில்லை. இன்னொருவருக்கு அலுவலகத்திலிருந்து வந்த ஃபைல் வரி கலைந்து திறந்தது. வேறொருவர் தணிக்கையாளரிடம் தர வேண்டிய கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடியது. அதனால் முதலில் ஒரு தாளை எடுத்து இரண்டு விஷயங்களை எழுதுங்கள்: உங்கள் லேப்டாப்பில் என்னென்ன கருவிகளைச் சொருகுகிறீர்கள்? யார் யாரிடமிருந்து என்னென்ன ஃபைல் வருகிறது? நீங்கள் லினக்ஸில் நிலைப்பீர்களா என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட்டுகளை மேலும் ஒரு வருடம் தருவதாக அறிவித்தார்கள். விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமென்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். உங்களுடையது ஆறு. ஆனால் அதற்காக லேப்டாப்பே கெட்டுப்போனதாக ஆகிவிடாது. அதே ஐ3 வினாத்தாள் அடிக்கவும் பாடத்துக்கான காணொளி காட்டவும் இன்னும் சில வருடங்களுக்குத் தாராளமாகப் போதும். அதைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லினக்ஸில் பல வகை உண்டு, எந்த லினக்ஸ் என்று தேடி ஒரு மாதத்தைச் செலவழிக்காதீர்கள். லினக்ஸ் மின்ட் எடுங்கள், அதில் எக்ஸ்.எஃப்.சி.இ. முகப்புள்ள பதிப்பை எடுங்கள். மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை அப்டேட் வரும். விண்டோஸ் போலவே கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். மின்ட் கேட்பது குறைந்தது 2 ஜிபி ரேம். 4 இருந்தால் வசதி என்கிறார்கள். இதில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மின்ட் ஏறக்குறைய 1 ஜிபியோடு அடங்கிவிடும், மீதியைத் தின்பது உலாவிதான். எமிஸ், மீட், யூடியூப் மூன்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் எந்த இயங்குதளமாக இருந்தாலும் 4 ஜிபி திணறும். ரேமை 8 ஆக்க முடிந்தால் ஆக்குங்கள். அதற்கும் முன்னால் அந்தச் சுழலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு சுழலும் பாகம் இல்லாத வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்று போடுங்கள். கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் முடியும் என்றால் எஸ்.எஸ்.டி.யே முதலில். லினக்ஸ் போட்டதும் லேப்டாப் புதுசு மாதிரி ஆகிவிட்டது என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு அந்த வேகத்தைத் தந்தது எஸ்.எஸ்.டி.தான்.

அடுத்தது சோதனை. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மின்ட்டை எழுதி, அதிலிருந்தே லேப்டாப்பை எழுப்பலாம். உள்ளே இருக்கும் எதையும் தொடாமல் முழு மேசைத்தளமும் திறக்கும். இன்ஸ்டால் பொத்தானை அழுத்தும்வரை உங்கள் விண்டோஸுக்கு ஒரு கீறலும் விழாது. பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மந்தமாக இருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடியை மூடித் திறந்தால் உறக்கத்திலிருந்து ஒழுங்காக எழுகிறதா, பள்ளிப் பிரிண்டரில் ஒரு தாள் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அந்த பென்டிரைவைப் பள்ளிக்கும் கொண்டுபோங்கள். பிரிண்டர் அங்கேதானே இருக்கிறது.

வைஃபை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் முதல் நாளே நின்றுவிடும் இடம் அது. சில லேப்டாப்களில் உள்ள வைஃபை சில்லுக்கான டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) மின்ட்டோடு சேர்ந்து வராது, தனியாக இறக்க வேண்டும். என் சித்தி மகன் லேப்டாப்பில் இதுதான் நடந்தது. இன்ஸ்டால் முடிந்தது, எல்லாம் வந்தது, வைஃபை குறியை மட்டும் காணவில்லை. டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும். லேன் கேபிள் சொருகவும் அதில் துளை இல்லை. பையன் முகம் வாடிவிட்டது. அவன் கையில் இருந்த ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் சொருகச் சொன்னேன். போன் அமைப்புகளில் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் யூ.எஸ்.பி. டெதரிங் என்று ஒன்று இருக்கும், அதை இயக்கினான். சில நொடியில் லேப்டாப்பின் கீழ் மூலையில் கம்பி இணைப்புக் குறி வந்தது. லினக்ஸைப் பொறுத்தவரை அந்த போன் இப்போது ஒரு லேன் கேபிள். மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்ததும் வைஃபை சில்லின் பெயரும், பக்கத்தில் பரிந்துரைக்கும் டிரைவரும் இருந்தன. தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டு கொடுத்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ததும் பக்கத்து வீட்டு வைஃபை வரை எல்லாம் பட்டியலில் வந்துவிட்டன. கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறக்கவே இல்லை. அந்த கேபிளை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் தட்டச்சுக்கு வருவோம். ஐ-பஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவினால் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு, பழைய டைப்ரைட்டர் முறை எல்லாம் பட்டியலில் நிற்கும். தட்டச்சு உயர்நிலைத் தேர்வு எழுதிய விரல்களுக்கு டைப்ரைட்டர் முறை அப்படியே பொருந்தும். அந்தப் பயிற்சி இல்லையென்றால் தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டிலிருந்து வந்த தளவமைப்பு அது. உயிர் இடது கையில், மெய் வலது கையில். 'அம்மா' என்று அடிக்க நான்கே தட்டு: அ, ம, ம, ஆ. நடுவில் உள்ள புள்ளி தானாகவே விழும். ஒரு நாளில் பத்துப் பக்கம் அடிப்பவருக்கு அந்தப் புள்ளிகள் மிச்சப்படுத்தும் உழைப்பு கொஞ்சநஞ்சமில்லை. பழக வேண்டியது ஒன்று உண்டு. சில மென்பொருள்களில் கடைசியாக அடித்த எழுத்து அடிக்கோட்டோடு நிற்கும். கணினி அடுத்த தட்டுக்குக் காத்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் மவுஸால் வேறு இடத்தில் சொடுக்கினால் அந்த எழுத்து காணாமல் போகலாம். ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு தட்டிவிட்டு நகர்வது எனக்கு அனிச்சையாகவே ஆகிவிட்டது.

தமிழ் ஃபைல்தான் உங்களுக்கு உண்மையான சோதனை. உங்கள் பள்ளியில் மூத்த ஆசிரியர்களின் பழைய வினாத்தாள்கள் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். லினக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிறுக்கியதுபோல் தெரியும். பதற வேண்டாம், ஃபைல் கெடவில்லை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியவை. பாமினியில் புள்ளி வைக்கத் தட்டுவது அரைப்புள்ளி விசையைத்தான். ஃபைலுக்குள் இருப்பது கடைசிவரை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இல்லாத விண்டோஸிலும் அதே கிறுக்கல்தான் தெரியும். அந்த ஆசிரியர்கள் வைத்திருக்கும் எழுத்துரு ஃபைலை வாங்கி, இரட்டைச் சொடுக்கு சொடுக்கி நிறுவினால் லினக்ஸிலும் தமிழாகத் தெரியும். அதைவிட நல்லது, பொங்குதமிழ் போன்ற மாற்றியில் ஒருமுறை யூனிகோடாக (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை) மாற்றி வைத்துக்கொள்வது. 2010-இலேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. மாற்றி வைத்த வினாத்தாளில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்கும், போனில் அனுப்பினாலும் படிக்க முடியும். எந்த இயங்குதளத்தில் இருந்தாலும் இதைச் செய்துவிடுங்கள்.

யூனிகோடு ஃபைலிலும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. விண்டோஸில் லதா எழுத்துருவில் அடித்த நான்கு பக்க வினாத்தாளை லினக்ஸில் எம்.எஸ். ஆபீஸுக்கு மாற்றான லிப்ரே ஆபீஸில் திறக்கிறீர்கள். லதா இங்கே கிடையாது. லோகித் அல்லது நோட்டோ அந்த இடத்தை நிரப்பும். எழுத்தின் அகலமும் வரி உயரமும் இம்மி இம்மியாக மாறும். நான்காம் பக்கத்தின் கடைசி வினா உடைந்து, ஐந்தாம் பக்கத்தின் உச்சியில் "(அல்லது)" என்ற ஒற்றைச் சொல்லும் அதன்கீழ் ஒரு வரியுமாக வந்து நிற்கும். இருநூறு படி ஜெராக்ஸ் எடுத்த பிறகு இதைக் கவனித்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆங்கிலத்தில் ஏரியல், காலிப்ரி எழுத்துருக்களுக்கு அதே அகலத்தில் லிபரேஷன், கார்லிட்டோ என்ற கட்டற்ற எழுத்துருக்கள் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. லதாவுக்கு அப்படி அளவு ஒத்த மாற்று ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை. என் வழக்கம் இது: சேர்ந்து வேலை செய்பவர்கள் எல்லாரும் நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவிக்கொள்ள வேண்டும். விண்டோஸிலும் அதை இலவசமாகப் போட முடியும். ஃபைல் கைமாறும்போது அதே எழுத்துருவில் மாறட்டும். அச்சுக்குப் போவது எப்போதும் பி.டி.எஃப். ஆக மட்டுமே போகட்டும். பி.டி.எஃப்.க்குள் எழுத்துருவும் சேர்ந்தே போவதால் ஜெராக்ஸ் கடையில் எதில் திறந்தாலும் வரி நகராது. தலைமையாசிரியர் வேர்டு ஃபைல்தான் வேண்டும் என்றால் இரண்டையும் அனுப்புங்கள். மேக்ரோ எழுதிய எக்செல் தாள்கள் வந்தால் மட்டும் லிப்ரே ஆபீஸை முழுதாக நம்ப வேண்டாம்.

பிரிண்டர் விஷயத்தில் நேர் பதில், மாடலைப் பொறுத்தது. வைஃபை உள்ள புதிய பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றை டிரைவரே இல்லாமல் லினக்ஸ் கண்டுகொள்ளும். எச்.பி. பிரிண்டர்களுக்கு எச்.பி.லிப் என்ற தொகுப்பை அந்த நிறுவனமே தருகிறது. ஸ்கேனரும் அதிலேயே ஓடிவிடும். மோசமானவை நம் ஊர்க் கடைகளிலும் பள்ளிகளிலும் பரவலாக உள்ள சில பழைய சிறு லேசர் பிரிண்டர்கள். தங்களுக்கே உரிய மொழியில் மட்டும் பேசும் அவற்றுக்கு டிரைவர் போட எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. அடுத்த பெரிய அப்டேட்டில் மறுபடி நின்றுபோனது. உங்கள் பள்ளியில் இருப்பது அந்த ரகமென்றால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். பி.டி.எஃப். ஆக்கிப் பள்ளிக் கணினியிலிருந்து அச்செடுங்கள். இனி வாங்கும்போது மாடல் பெயரோடு லினக்ஸ் என்று சேர்த்துத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மீட், ஜூம் பற்றிக் கவலை வேண்டாம், எல்லாம் உலாவியிலேயே ஓடும். புளூடூத் ஹெட்செட்டில் மைக் இயங்கினால் சத்தத்தின் தரம் இறங்கும்; வகுப்பெடுக்கும்போது கம்பி இயர்போனே மேல். எமிஸ் வேலைகள் உலாவியிலும் போனிலும் நடப்பவை, அங்கே இயங்குதளம் எது என்ற கேள்வியே எழாது.

அம்மாவின் கடைக் கணக்கு எதில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வெறும் எக்செல் தாள் என்றால் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். டேலி என்றால் அதற்கு விண்டோஸ் வேண்டும். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக ஓட்டிப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பணக் கணக்கில் அந்தச் சோதனை வேண்டாம். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் சொருகி வரித் தாக்கல் செய்வதாக இருந்தாலும் அதே பதில்தான். அப்படியென்றால் விண்டோஸை அழிக்காமல் ஒரு ஓரத்தில் விட்டு, பக்கத்தில் மின்ட் போடுங்கள். அந்த விண்டோஸ் டேலிக்கு மட்டும். அதில் இணையத்தில் உலவுவதும் கண்ட பென்டிரைவைச் சொருகுவதும் கூடாது.

இரண்டையும் சேர்த்து வைக்கும்போது மூன்று விஷயங்கள் பயமுறுத்தும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது கடிகாரம். லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். காலை 9 மணிக்கு 3.30 என்றிருக்கும். பேட்டரி போய்விட்டது என்று மதர்போர்டைப் பிரித்தவர்களும் உண்டு. நடப்பது இவ்வளவுதான்: லினக்ஸ் உள்கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. நம் நேரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி. லினக்ஸையும் உள்ளூர் நேரம் எழுதும்படி ஒரு கட்டளையில் மாற்றிவிடலாம். இரண்டாவது, விண்டோஸ் பகுதியில் உள்ள ஃபோல்டரை லினக்ஸில் திறக்க முடியும், ஆனால் எதையும் சேமிக்க விடாது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட்டவுன் செய்தாலும் அது முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். தூங்கும் வட்டில் எழுதினால் தரவு கெடும் என்பதால் லினக்ஸ் மறுக்கிறது. விண்டோஸில் அந்த வசதியை நிறுத்தினால் தீர்ந்தது. மூன்றாவது, வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். இருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைக்காமல் வட்டைப் பிரிக்கத் தொடங்கவே கூடாது.

இதெல்லாம் முதல் மூன்று வாரத்தின் தொல்லைகள். அதற்குப் பிறகு எழுத அதிகம் இல்லை, எனக்கு லினக்ஸ் பிடித்ததே அதனால்தான். கீழே கேடய வடிவக் குறி ஒன்று இருக்கும். அப்டேட் வந்தால் அதில் ஒரு புள்ளி தெரியும். நேரம் கிடைக்கும்போது நீங்கள்தான் சொடுக்குவீர்கள். நாளைக்குத் தேர்வு, இன்று இரவு வினாத்தாள் அடித்துக்கொண்டிருக்கும்போது அதுவாக ரீஸ்டார்ட் ஆகாது. மென்பொருள் வேண்டுமென்றால் மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடி எடுக்க வேண்டும், போனில் எடுப்பதுபோல. எந்தெந்தத் தளத்திலிருந்தோ இறக்கும் பழக்கம் போய்விடும். உங்கள் லேப்டாப் பேட்டரி இத்தனை வருடத்தில் வலுவிழந்திருக்கும், மின்சாரம் போனால் சட்டென்று அணையும். லினக்ஸின் கோப்பு முறைமை எழுதப்போவதைக் குறிப்பேட்டில் பதிந்துவிட்டுத்தான் எழுதும் என்பதால் பெரும்பாலும் தானே சரிசெய்துகொண்டு எழும். லிப்ரே ஆபீஸின் தானியங்கிச் சேமிப்பு 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்றிருக்கும், அதை 3 ஆக்கிவிடுங்கள். டைம்ஷிஃப்ட் என்ற வசதியையும் முதல் நாளே இயக்குங்கள். ஏதாவது அப்டேட்டில் தவறு நேர்ந்தால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். ஒன்றை மறக்கக் கூடாது: டைம்ஷிஃப்ட் காப்பது இயங்குதளத்தை மட்டும். உங்கள் வினாத்தாள்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை அது இயல்பாகத் தொடாது. அதற்குக் கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க்கை ஓர் உறையில் போட்டு வெளி டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் ஆசிரியர் என்பதால் இதையும் சொல்கிறேன். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் தெருவில் அதை வாங்கிய பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை, ஏனென்றால் திறந்து காட்ட யாரும் இல்லை. பக்கத்தில் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல வருடமாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கணினிப் பாடம் நடத்துகின்றன. அங்கே முதலில் பயிற்சி கொடுத்தது ஆசிரியர்களுக்கு. உங்கள் லேப்டாப்பில் மின்ட் ஓடத் தொடங்கினால் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பின்னால் வந்து நின்று, இது என்ன சார் என்று கேட்பாள். அவளை உட்கார வைத்து, தமிழ்99-இல் அவள் பெயரை அடிக்கச் சொல்லுங்கள்.

சிக்கினால் கேட்க ஆள் உண்டு. விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழுவிலும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவிலும் தமிழிலேயே கேட்கலாம். கணியம் இணைய இதழில் 2012-இலிருந்து தமிழில் எழுதிக் குவித்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை மாலை வினாத்தாள்கள் அத்தனையையும் வேறொரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவிலிருந்து மின்ட்டை எழுப்பி, நான் சொன்னவற்றைச் சோதியுங்கள், இன்ஸ்டால் செய்யாதீர்கள். மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் வைஃபை சில்லின் பெயர் இருக்கும். அதையும் பள்ளிப் பிரிண்டரின் மாடல் எண்ணையும் அம்மா பயன்படுத்தும் கணக்கு மென்பொருளின் பெயரையும் எனக்கு எழுதுங்கள். விண்டோஸை முழுதாக எடுக்கலாமா, ஓரமாக வைக்கலாமா என்பதை அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.